குகை இருளும் கொள்கை இருளும்

சடங்கு! தொல்பொருள் ஆராய்ச்சி நூல்களிலே இந்த ஒரு சொல் சுமந்திடும் சுமை கொஞ்சநஞ்சமன்று. மண்ணை அகழ்கிறார்கள், செதுக்கிய கல்லொன்று கிடைக்கிறது, எதற்குப் பயன்பட்டது என்று விளங்கவில்லை, ‘சடங்குப் பொருள்’ என்று சீட்டெழுதிக் கண்ணாடிப் பேழையிலே வைத்துவிடுகிறார்கள். குகைக்குள்ளே நுழைகிறார்கள்; பாறைச் சுவரிலே காட்டெருமை பாய்கிறது, குதிரை துள்ளுகிறது; எதற்காக வரைந்தனர் என்று தெரியவில்லை; ‘சடங்கு ஓவியம்’ என்று தலைப்பிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம், தெரிந்தது போலச் சொல்லிடத் துணை நிற்கும் சொல் அது!

பண்டை மாந்தரிடம் சடங்கே இருந்ததில்லை என்று வாதாட நாம் முன்வரவில்லை. இறந்தோரின் உடல்மீது செங்காவி தூவி, மணிகள் அணிவித்துப் புதைத்தவர்கள் அவர்கள். அதற்குப் புதைகுழியே சான்று. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று எங்கே? இந்தக் கேள்வியைப் பூசாரியிடம் கேட்டிடப் பழகியிருக்கிறோம். பேராசிரியரிடமும் கேட்டிட வேண்டும். அதனினும் முதன்மையாக, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏன் என்பதற்கு ஐரோப்பியக் குகை ஓவிய ஆராய்ச்சியின் வரலாறே விடை கூறும். ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு அது. மதத்தை மறுத்தவர்கள் வழுக்கி விழுந்த இடமும் அதிலே உண்டு. மதத்தை ஏற்றவர்கள் வழி தவறிய இடமும் உண்டு. வேட்டுவர் மூவர் வந்து வழி காட்டிய இடமும் உண்டு.

சிறுமி கண்டாள், அறிஞர் சிரித்தனர்

ஸ்பெயின் நாட்டின் வடகோடியிலே, கான்டாப்ரியா பகுதியில், சாந்தில்லானா தெல் மார் என்னும் ஊரருகே இருக்கிறது ஆல்டமிரா குகை. 1868ஆம் ஆண்டு மொதெஸ்தோ குபில்லாஸ் என்னும் வேட்டைக்காரர் அதன் வாயிலைக் கண்டார். அவ்வட்டாரத்து நிலக்கிழார் மார்செலினோ சான்ஸ் தெ சௌதுவோலா, 1878இல் பாரிசு நகரத்துப் பொருட்காட்சியிலே பழங்கற்காலக் கருவிகளையும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட எலும்புத் துண்டுகளையும் கண்டு, ஊர் திரும்பி, 1879இல் அக்குகையின் தரையைத் தோண்டலானார். தந்தையின் கண்கள் தரையிலே இருந்தன. உடன் வந்த மகள் மரியா, எட்டு வயதுச் சிறுமி, தலை நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். ‘மாடுகள், மாடுகள்’ என்று கூவினாள் என்பர். கூரை முழுவதும் செந்நிறமும் கருநிறமும் குழைத்துத் தீட்டிய காட்டெருமைகள்!

சௌதுவோலா நிதானமாகச் சிந்தித்தார். எலும்பிலே இத்தனை நேர்த்தியாகச் செதுக்கத் தெரிந்த மாந்தர்க்குச் சுவரிலே தீட்டத் தெரியாதா? மேலும், அங்கே வரையப்பட்ட காட்டெருமை அந்நாட்டிலிருந்து மறைந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அதைக் காணாதவன் அதை வரைந்திட முடியுமா? 1880இல் சிறு நூலொன்றை வெளியிட்டார். மாட்ரிட் பேராசிரியர் வில்லனோவா துணை நின்றார். அதே ஆண்டு லிஸ்பன் நகரிலே கூடிய உலகத் தொல்லியல் மாநாடு, அவர்கள் பேச்சைப் பொருட்படுத்தவே இல்லை. நேற்றைய ஓவியன் ஒருவன் எழுதியது, ஏமாற்று வேலை என்று முடிவு கட்டினர். வண்ணம் புத்தம் புதிதாக இருக்கிறதே, கூரையிலே விளக்குப் புகை படியவில்லையே, கற்கால மனிதனுக்கு இத்தனை திறமை எங்கிருந்து வரும் என்று அடுக்கினர்.

அப்படி அடுக்கியோர் யார்? மூடநம்பிக்கையிலே மூழ்கியோரா? அல்லர்! அதுதான் நாம் உற்றுக் கவனிக்க வேண்டிய செய்தி. பிரெஞ்சுத் தொல்லியலின் தலைமகன் கேப்ரியல் தெ மோர்த்தியே, முற்போக்காளர். எழுத்துக்காகத் தண்டனைக்கு ஆளாகி, 1849இல் நாடு கடந்து வாழ்ந்தவர். குருமார் ஆதிக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர். உலகத்தை ஆறு நாளில் ஆண்டவன் படைத்தான் என்ற கதைக்கு எதிராகக் கற்கருவிகளை அடுக்கிக் காட்டியவர். அத்தகையவர் தம் நண்பர் எமில் கார்த்தெய்லாக்குக்குக் கடிதம் எழுதினார், எச்சரிக்கையாய் இரும் என்று. தொல்லியலாரை ஏமாற்றி, மக்கள் முன் அவர்களை நகைப்புக்கு இடமாக்கிட, ஸ்பெயின் நாட்டு ஏசு சபைப் பாதிரிகள் விரித்த வலை இது என்று ஐயுற்றார்!

ஐயம் தவறா? இல்லை. ஐயம் பகுத்தறிவின் முதற்படி. ஆனால் முதற்படியிலேயே நின்றுகொண்டு, மாடியேறிவிட்டதாக எண்ணுவதுதான் தவறு. மோர்த்தியே தம் ஐயத்தைச் சோதித்திடவில்லை. மனித குலம் தாழ்ந்த நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்தது. ஆகவே தொடக்கத்திலே இருந்தவனிடம் உயர்ந்த கலை இருக்கவே முடியாது என்றொரு கோட்பாடு அவரிடம் இருந்தது. குகை அந்தக் கோட்பாட்டுக்கு இணங்கவில்லை. கோட்பாட்டைத் திருத்துவதற்குப் பதிலாகக் குகையைப் பொய்யாக்கிவிட்டார். வேதத்துக்கு ஒவ்வாத உண்மையை வைதிகன் தள்ளுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சௌதுவோலா 1888இல் மறைந்தார், ஏமாற்றுக்காரர் என்ற பழி தீராமலே. உண்மையோ, ஒரு தலைமகன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கவில்லை. 1895இல் லா மூத் குகையிலே எமில் ரிவியேர் ஓவியங்களைக் கண்டார். 1896இல் பேர்-நோன்-பேர் குகையிலே தலோ என்பவர் காட்டிய சான்றுதான் மறுக்க முடியாதது: சுவர்ச் செதுக்குகளின் மீது பழங்கற்கால மண்ணடுக்குகள் மூடிக் கிடந்தன! மூடிய மண் பழையது என்றால், மூடப்பட்ட சித்திரம் அதனினும் பழையது அன்றோ? இதிலே நம்பிக்கைக்கு இடமில்லை, கணக்கு மட்டுமே. விளக்குப் புகை எங்கே என்று கேட்டார்களே, 1899இல் லா மூத் குகையிலே கல்விளக்கே கிடைத்தது. விலங்குக் கொழுப்பை ஊற்றி எரித்தால் புகை மிகக் குறைவு என்பது பின்னர்ச் சோதனையால் தெளிந்தது. 1901இல் கொம்பாரெல், போன் தெ கோம் என இரு குகைகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. 1902இல் கார்த்தெய்லாக், ஐயம் கொண்டவன் ஒருவன் தன் பிழையை ஏற்கிறான் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். அந்தத் துணிவுக்கு நாம் தலை வணங்குகிறோம். மறுப்பதற்கும் சான்று வேண்டும் என்பது ஆல்டமிரா தந்த முதற்பாடம்.

சுண்ணாம்புப் படிவத்தின் வயதைக் கொண்டு 2012இல் கணக்கிட்டனர். ஆல்டமிராவின் செந்நிறக் குறியொன்று 35,000 ஆண்டுகட்கும் முற்பட்டது என்று தெரிந்தது. நம் நாட்டையும் இங்கே நினைவூட்ட வேண்டும். விந்திய மலைப் பகுதியில், மிர்சாப்பூர் வட்டாரப் பாறைகளிலே செங்காவி ஓவியங்களைக் கார்லைல் என்னும் ஆங்கிலேயர் 1867-68இலேயே கண்டு, அவை பழங்காலத்தவை என்று கருதினார். ஆல்டமிராவுக்குப் பத்தாண்டுக்கு மேல் முந்திய செய்தி. ஆனால் அவர் குறிப்புகள் உடனே அச்சேறவில்லை, உலகும் கவனிக்கவில்லை.

பாதிரியார் கையும் பாறைக் கோடும்

பழமை உறுதியாயிற்று. பொருள் என்ன என்ற கேள்வி எழுந்தது. இனி, வழுக்கியது மறுகால்!

1903இல் சாலமன் ரைனாக் ஒரு விளக்கம் தந்தார். நடு ஆஸ்திரேலியாவின் அரந்தா மக்களைப் பற்றி ஸ்பென்சரும் கில்லனும் 1899இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தனர். உணவு விலங்கு பெருகிட அம்மக்கள் சடங்கு நடத்தினர் என்ற செய்தி அதிலே இருந்தது. அதை எடுத்து அப்படியே பிரான்சின் குகைக்குப் பொருத்தினார் ரைனாக்: விலங்கைச் சுவரிலே எழுதினால் வேட்டையிலே அது வசமாகும் என்று நம்பினர், ஆகவே இவை வேட்டை மந்திரம்! ஆன்ரி புரோய் இக்கருத்தை ஏற்று அரை நூற்றாண்டு பரப்பினார். 1900இல் குருப்பட்டம் பெற்ற பாதிரியார் அவர். குகை ஓவியங்களைப் படியெடுத்ததிலே ஈடு இணையற்ற உழைப்பாளி. கூனிக் குறுகி, ஊர்ந்து தவழ்ந்து, இருளிலே ஆயுளைக் கழித்தார். அவ்வுழைப்பை இகழ்வது நன்றியறிதல் ஆகாது. ஆயினும் விளக்கத்தைச் சோதித்தே ஆக வேண்டும்.

சோதனை எளிது. எதைத் தின்றனர் என்பதைத் தரையிலே கிடக்கும் எலும்பு சொல்லும். எதை எழுதினர் என்பதைச் சுவர் சொல்லும். இரண்டும் ஒத்து வருகின்றனவா? லாஸ்கோ குகையிலே கிடைத்த எலும்பிலே பெரும்பகுதி பனிமானுடையது. சுவரிலோ குதிரையே மிகுதி. பனிமான் என்று சுட்டத்தக்கது ஒன்றே ஒன்று, அதுவும் ஐயத்துக்குரியது! ஆல்டமிராவிலே தின்றது பெரிதும் செம்மான். கூரையை நிறைத்திருப்பது காட்டெருமை. ஈட்டி தைத்ததாகக் காட்டப்படும் விலங்குகளும் மொத்தத்திலே மிகச் சிலவே. உணவுக்காக மந்திரம் என்றால், உண்ட விலங்கை விட்டு உண்ணாத விலங்குக்கா மந்திரித்தனர்? தேங்காய்க்கு வேண்டிக்கொண்டு தென்னையை விட்டுப் பனையைச் சுற்றுவார் உண்டா?

இன்னொன்று. பிரனீஸ் மலையடியிலே, துருவா பிரேர் குகையிலே, மனிதக் காலும் விலங்கு வாலும் கொண்ட உருவமொன்று உண்டு. 1914இல் அக்குகை கண்டறியப்பட்டது. புரோய் அதைப் படியெடுத்தார்: தலையிலே கிளைக் கொம்பு, முகத்திலே வட்டக் கண், ஆடும் கால். ‘மந்திரவாதி’ என்று பெயர் வந்தது. பாடநூல் தோறும் அப்படம் அச்சாயிற்று. ஆனால் நிழற்படத்திலே பார்த்தால் கொம்பு தெளிவாகத் தெரியவில்லை என்று திறனாய்வாளர் சிலர் கேட்டனர். நேரில் பலமுறை கண்ட ழான் குளோத் போன்றோர், மெல்லிய செதுக்குக் கோடு நிழற்படத்திலே விழாது, நேரிலே தெரியும் என்று மறுமொழி கூறினர். வழக்கு இருபுறமும் இருக்கிறது; நாம் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஆனால் உலகம் நம்பியது பாறையையன்று, பாறையைப் பார்த்து ஒருவர் வரைந்த படத்தை என்பதை மறந்துவிடக் கூடாது. மூலத்துக்கும் நமக்கும் இடையே ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்கு ஒரு மனம் இருக்கிறது.

பெயரிடுவதிலேயே கருத்து நுழைந்துவிடுகிறது, பாருங்கள்! லாஸ்கோ குகையின் அறைகளுக்கு என்ன பெயர்? ஒன்றுக்கு மாதா கோயிலின் நடுக்கூடத்தைக் குறிக்கும் பெயர். மற்றொன்றுக்கு அக்கோயிலின் பலிபீடத்துப் பின்புற வளைவைக் குறிக்கும் பெயர். குகைகளை ‘திருத்தலம்’ என்றும் ‘பேராலயம்’ என்றும் எழுதினர். பேராலயம் என்று முதற்பக்கத்திலே பெயர் வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்திலே ‘இங்கே வழிபாடு நடந்தது’ என்று முடித்தால், அது ஆராய்ச்சியின் முடிவா? தொடக்கத்திலே தாமே போட்ட விதையைத் தாமே அறுவடை செய்வது அன்றோ!

எண்ணிக்கையும் மயக்கமும்

1960களிலே ஆந்த்ரே லெருவா-கூரான் வந்தார். கதைகளை ஒதுக்கினார், கணக்கெடுத்தார். எந்தச் சுவரிலே எந்த விலங்கு, எதன் அருகே எது என்று பல குகைகளை ஆராய்ந்து 1965இல் பெருநூல் வெளியிட்டார். குதிரை ஆண்மைக்குக் குறி, காட்டெருமை பெண்மைக்குக் குறி. குகை முழுவதும் இவ்விரண்டின் இணைப்பு என்றார். கூடவே, கலை கரடுமுரடாகத் தொடங்கி நான்கு படிகளிலே நேர்த்தி அடைந்தது என்று கால வரிசையும் வகுத்தார். எண்ணிப் பார்த்தது நன்று. ஆனால் எண்ணியபின் சூட்டிய பொருளுக்கு எண்ணிக்கை சாட்சி சொல்லவில்லை. ஆண்மையும் பெண்மையும் அவர் அகராதியிலிருந்து வந்தவை.

கால வரிசையை உடைத்தது, மீண்டும் ஒரு குகையே. 1994 டிசம்பரில் ஆர்தேஷ் பகுதியிலே ஷோவே குகை திறந்தது. சிங்கக் கூட்டமும் காண்டாமிருகமும், நிழல் காட்டி, விரைவு காட்டித் தீட்டிய கைவண்ணம்! வரிசைப்படி அது கடைசிப் படியிலே வர வேண்டிய நேர்த்தி. கரியின் வயதைக் கணக்கிட்டபோதோ, ஏறத்தாழ 36,000 ஆண்டு! மோர்த்தியே தடுக்கி விழுந்த அதே கல்லிலே, 80 ஆண்டுக்குப் பின்னும் காலிடறியது ஆராய்ச்சி: முன்னோன் என்றால் முழுமை பெறாதவன் என்னும் எண்ணம். 2024இல் வெளியான செய்தி அதற்கும் மேலே சென்றது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலே, பன்றியும் மனித உருவங்களும் கொண்ட குகை ஓவியமொன்றுக்குக் குறைந்தது 51,200 ஆண்டு வயது. கலை ஐரோப்பாவிலே பிறந்தது என்ற பெருமிதமும் அதனால் குலைந்தது.

1996இல் குளோத்தும், தென்னாப்பிரிக்கப் பேராசிரியர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸும் சேர்ந்து புதியதொரு விளக்கம் தந்தனர். 2002இல் லூயிஸ்-வில்லியம்ஸ் அதை விரித்துத் தனி நூலாக்கினார். நம்மூர்ச் சாமியாடி போல, மயக்க நிலைக்குச் சென்று ஆவியுலகம் கண்டதாக நம்பியோர் அக்கால மக்களிடையே இருந்தனர். மயக்கத்திலே கண்ட புள்ளி, கட்டம், வளைகோடு, விலங்கு ஆகியவற்றையே சுவரிலே தீட்டினர். மனித மூளை எங்கும் ஒன்று, ஆகவே மயக்கக் காட்சியும் ஒன்று என்பது வாதம். படிக்கச் சுவையான நூல். அறிவியல் ஆடை அணிந்த நூல். ஆனால் ஆடையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம்.

தென்னாப்பிரிக்க சான் மக்களின் பாறை ஓவியத்துக்கு அவர் தந்த விளக்கம் வலிவுடையது. ஏன்? அங்கே பேசும் சாட்சி இருக்கிறது. 1870களிலே கேப் டவுன் நகரிலே, பிளீக் என்னும் மொழியறிஞரும் லூசி லாய்டு அம்மையாரும், சிறைப்பட்டுக் கிடந்த சான் மக்கள் சிலரிடம் அவர்தம் மொழியிலேயே கேட்டு, 12,000 பக்கங்களுக்கு மேல் எழுதி வைத்தனர். மழை விலங்கு, எலாண்டு மான், மயக்க நடனம் எல்லாம் அந்த மக்களின் மரபிலிருந்தே தெரிய வருகின்றன. வரைந்த இனத்தின் வாய்மொழி அது. பிரான்சின் குகைக்கு அத்தகைய சாட்சி எது? ஆளும் இல்லை, மொழியும் இல்லை. இடையே கடலும் கண்டமும், பல்லாயிரம் ஆண்டும். ஆப்பிரிக்காவிலே பூட்டுக்கேற்பச் செய்த திறவுகோலை ஐரோப்பாவுக்குக் கொண்டு போய், பூட்டையே அதற்கேற்ப வளைக்கிறார்கள். புள்ளியும் கட்டமும் மயக்கத்திலேதான் தோன்றுமா? பாய் முடைபவள் கட்டம் காணவில்லையா? கரித்துண்டு கிடைத்த குழந்தை புள்ளி வைக்கவில்லையா? எதைக் காட்டினாலும் ‘மயக்கத்தின் முதற்படி’, ‘மூன்றாம் படி’ என்று பொருந்திவிடுமானால், எந்தச் சான்று வந்தால் இக்கோட்பாடு பொய்யாகும்? பொய்யாகும் வழி அடைக்கப்பட்ட கூற்று, மெய்யென்று நிற்கும் தகுதியையும் இழந்துவிடுகிறது.

வேட்டுவர் மூவர்

நம் நெஞ்சை நெகிழ்விப்பது, இவ்வரலாற்றின் இன்னொரு பகுதி. துருவா பிரேரை அடுத்துள்ள தூக் தொதுபேர் குகையிலே, களிமண்ணால் செய்த இரு காட்டெருமைகள் 1912இல் கிடைத்தன. அவற்றை அடுத்த சிற்றறையிலே, ஈரத்தரையிலே, குதிகாலால் நடந்த சுவடுகள். ஏன் குதிகாலால் நடந்தனர்? இளைஞர்களுக்குத் தீட்சை தரும் சடங்கு, விலங்கு போல் ஆடிய நடனம் என்று நூல்கள் எழுதின. மறுப்பார் குறைவு, எதிரொலிப்பார் மிகுதி.

2013இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர் குழுவொன்று புதுமையான வேலை செய்தது. ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டிலிருந்து, தடம் பார்த்து வேட்டையாடும் சான் இனத்தவர் மூவரைப் பிரெஞ்சுக் குகைகளுக்கு அழைத்து வந்தது. பல்கலைக்கழகப் பட்டம் அவர்களிடம் இல்லை. தடத்தைப் பார்த்து ஆளின் வயதும் நடையும் சுமையும் சொல்லும் கல்வி இருந்தது, தலைமுறை தலைமுறையாய் வயிற்றுக்காகப் பயின்ற கல்வி. அவர்கள் குனிந்து பார்த்தனர்; தம்முள் கலந்து பேசினர்; முடிவு கூறினர். நடனத் தடம் என்று அவர்கள் காணவில்லை. வளர்ந்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் பள்ளத்திலிருந்து களிமண் எடுத்துச் சென்ற தடம் என்றனர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நூறாண்டாக அறிஞருலகம் தீட்சையும் நடனமும் கண்ட இடத்திலே, உழைப்பறிந்தவன் கண் உழைப்பைக் கண்டது! மண் சுமந்தவன் தடம், மந்திரம் சொன்னவன் தடமாக எழுதப்பட்டிருந்தது. எந்த இனத்தைக் ‘காட்டுமிராண்டி’ என்று இழித்து, அவர்தம் சடங்குகளை மட்டும் எடுத்துக் கற்கால மனிதனுக்குப் போர்த்தினார்களோ, அந்த இனத்தின் அறிவைக் கேட்டறிய இத்தனை ஆண்டு பிடித்தது. அவர்கள் கூற்றும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று. தடத்தைக் கொண்டு வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்பதை மேலும் ஆராயலாம், ஆராய வேண்டும். ஆனால் அவர்கள் தரையைப் பார்த்துப் பேசினார்கள். நூலைப் பார்த்துப் பேசவில்லை.

சடங்கை மெய்ப்பிப்பது எப்படி?

அப்படியானால் சடங்கைப் பற்றி அறிவாராய்ச்சி பேசவே கூடாதா? பேசலாம், பேசும் முறை உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைப் பாருங்கள். பாதிரியார் வில்லியம் ஸ்டக்லி 1740இல் நூலெழுதி, அது துரூயிது என்னும் பூசாரிகளின் கோயில் என்றார். அப்பூசாரிகளைப் பற்றிச் சீசர் எழுதியது கி.மு. முதல் நூற்றாண்டில், பெருங்கற்கள் நிறுத்தப்பட்டதோ ஏறத்தாழ கி.மு. 2500இல். இடைவெளி 2,000 ஆண்டுக்கு மேல்! ஆயினும் அக்கதை இன்றளவும் சுற்றுலா வணிகத்துக்குச் சோறு போடுகிறது.

அண்மைக்கால ஆராய்ச்சி அக்கல்வட்டத்தை மட்டும் உற்று நோக்கிக்கொண்டிருக்கவில்லை. சுற்றுநிலம் முழுவதையும் ஒன்றாகப் படித்தது. கல்வட்டத்தின் அச்சு, நடுக்கோடைக் கதிரெழுச்சியையும் நடுப்பனிக்காலக் கதிர் மறைவையும் நோக்கியிருப்பதை அளந்து காட்டினர். 3 கிலோமீட்டர் தொலைவிலே, டரிங்டன் வால்ஸ் என்னும் இடத்திலே, அதே காலத்து வீடுகளும் விருந்து எலும்புக் குவியலும் கிடைத்தன. பன்றிப் பற்களின் தேய்மானத்தைப் பார்த்தனர். பல பன்றிகள் ஏறத்தாழ ஒன்பது மாத வயதிலே கொல்லப்பட்டவை. வேனில் தொடக்கத்திலே பிறந்த குட்டிக்கு ஒன்பது மாதம் என்றால், அது நடுப்பனிக்காலம்! கல்லின் திசை ஒரு சாட்சி. பன்றியின் பல் மற்றொரு சாட்சி. ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே நாளைச் சுட்டுகின்றன. பனிக்காலத்திலே மக்கள் கூடி விருந்துண்டனர் என்று இப்போது துணிந்து சொல்லலாம். எந்தத் தெய்வத்தை நினைத்து என்று கேட்டால், பல்லும் கல்லும் வாய் மூடிக்கொள்கின்றன. ஆராய்ச்சியாளரும் அவ்விடத்திலே வாய் மூடுவதே அழகு.

நமக்குப் பிடித்த முடிவுக்கும் இதே அளவுகோல்தான். 2013இல் டீன் ஸ்னோ என்னும் அமெரிக்க அறிஞர், பிரான்சு, ஸ்பெயின் நாட்டுக் குகைகள் எட்டிலே உள்ள கைப்பதிவுகள் 32ஐ அளந்து, அவற்றுள் நாலில் மூன்று பங்கு பெண்களின் கைகள் என்றார். நமக்கு எத்தனை இனிப்பான செய்தி! ஓவியன் என்றால் ஆண்தான் என்று எழுதிய ஏடுகளின் முகத்திலே அறைந்திடும் செய்தி! ஆனால் 32 கைகள் போதுமா, இன்றைய கையின் அளவைக் கொண்டு அன்றைய கையை முடிவு செய்யலாமா என்று பிறர் கேட்கிறார்கள். கேட்கட்டும். மேடையிலே முழங்குமுன் நாமும் கேட்போம். ஓவியர் ஆண்களே என்பதற்கு எக்காலத்திலும் சான்று இருந்ததில்லை. அதை மட்டும் இன்றே உறுதியாகச் சொல்லலாம். பெண்களே என்பதற்குச் சான்று வளரட்டும். பிடித்த முடிவு என்பதற்காகச் சலுகை தருவோமானால், மோர்த்தியே செய்த பிழையின் வழித்தோன்றல் ஆகிவிடுவோம்.

பகுத்தறிவு என்பது ஒரு கூட்டத்தின் உறுப்பினர் சீட்டு அன்று, ஒரு முறை சேர்ந்துவிட்டால் ஆயுள் முழுவதும் செல்லுபடியாவதற்கு! ஒவ்வொரு கூற்றின் முன்னும் புதிதாகச் செலுத்த வேண்டிய உழைப்பு அது. பாதிரி சொன்னார் என்பதால் ஓவியம் மந்திரம் ஆகிவிடாது. பாதிரியை எதிர்ப்பவர் சொன்னார் என்பதால் ஓவியம் போலி ஆகிவிடாது. யார் சொன்னார் என்பதை ஒதுக்கி, எதைக் காட்டினார் என்று பார்க்க வேண்டும். சாட்சி அந்த மண்ணுடையதா, அடுத்த கண்டத்திலிருந்து கடன் வாங்கியதா? படத்தைப் பார்க்கிறோமா, படத்தின் படத்தைப் பார்க்கிறோமா? எது கிடைத்தால் இக்கூற்று வீழும்? இம்மூன்றையும் கேட்டிடும் இளைஞன், தொல்லியல் நூலை மட்டுமல்ல, தலபுராணத்தையும், தலைவர் பேச்சையும், இந்த ஏட்டில் நாம் எழுதும் எழுத்தையும் படிக்கத் தகுதி பெற்றவன்.

ஆல்டமிராவின் காட்டெருமையை எதற்காக வரைந்தனர்? வேட்டைக்கா, விழாவுக்கா, கற்பிப்பதற்கா, களிப்புக்கா? தெரியாது. 15,000 ஆண்டுகட்கு முன், கொழுப்பு விளக்கின் மங்கிய ஒளியிலே, பாறையின் புடைப்பைக் கண்டு, ‘இதுவே எருமையின் முதுகு’ என்று தேர்ந்து, அதன்மீது செங்காவி குழைத்து ஒரு மனிதக் கை உயிர் தந்தது, அது தெரியும். தெரிந்ததை உரக்கச் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்று அதே உரத்த குரலிலே சொல்வோம். அந்தச் சொல்லுக்கு அஞ்சுவோரிடம்தான் பூசாரியும் போலி அறிஞனும் கடை விரிக்கிறார்கள். அஞ்சாதோர் பெருகட்டும், கடை தானே மூடப்படும்!